வேன் வாடகை

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கால்பந்துக் குழு தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ ஆடப் போவதென்றால் முதல் பேச்சு வேனைப் பற்றித்தான் இருக்கும். பதினைந்து பையன்கள், பந்துப் பை, தண்ணீர் கேன், இரவு திரும்பும்போது பரோட்டா. வண்டி வாடகை, டீசல், டிரைவர் பேட்டா. டோர்னமென்ட்டுக்கு நுழைவுக் கட்டணம் தனி. உள்ளூரில் தாங்களே ஒரு போட்டி நடத்தத் துணிந்துவிட்டால் சாமியானா, மைக் செட், கோப்பை, நடுவர்களுக்குப் படி, கோடு போடச் சுண்ணாம்புப் பவுடர் என்று செலவு நீளும். ஆடித் தபசுக்குக் கொடுத்து, தெரு அம்மன் கொடைக்குக் கொடுத்து ஓய்ந்த கடைக்காரரிடம் மூன்றாவது ரசீதுப் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டியவர்கள் இந்தப் பையன்கள். கிடைப்பது போதாது. மீதி கடன்.

எந்த லீகிலும் இடம்பெறாத இப்படிப்பட்ட குழுக்கள் மைதானத்தில் தோற்று அழிவது அபூர்வம். வாடகை பாக்கியில்தான் அழிகின்றன. ஆகவே அவற்றை நடத்துகிறவர்கள் முன் ஒரு கேள்வி எப்போதும் நிற்கிறது. தொகை சின்னதாக இருப்பதால் அதை யாரும் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. குழு உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, பிறருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடலாமா? போடலாம் என்றால் யாருடையதை?

தொகை யாருக்குச் சின்னது என்பதிலிருந்து தொடங்கலாம். பதினைந்து பேர் பகிர்ந்துகொண்டால் வேன் வாடகை ஆளுக்குக் கொஞ்சம்தான். வேன் வைத்திருப்பவருக்கு அதுதான் அந்த வாரத்து வருமானம். மாதத் தவணை அதிலிருந்து போக வேண்டும். கொடுக்க வேண்டியவர்கள் பலராகவும் பெற வேண்டியவர் ஒருவராகவும் இருக்கும் இடங்களில் கடன் எப்போதும் அற்பமாகவே தெரியும். கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நின்ற நாட்களைப் பார்த்த ஊர் சங்கரன்கோவில். வேலை முடிந்த பிறகும் கைக்கு வராத பணம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கால்பந்து என்று வந்துவிட்டால் அந்த அறிவு சற்றே மங்கிவிடுகிறது. விளையாட்டுக்காகத்தானே, நம்ம பையன்கள்தானே.

இதே மங்கலை எழுத்தில் விதியாகவே வைத்திருக்கும் நாடு இங்கிலாந்து. 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத் குழு, தன் வருமானம் தாங்காத சம்பளங்களைக் கொடுத்துத்தான் அந்த உயரத்துக்குப் போயிருந்தது. 2010 பிப்ரவரியில் அது திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பிரீமியர் லீக் குழு ஒன்றுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. கடன் 10 கோடி பவுண்டுக்கு மேல். அங்கே ஒரு விதி உண்டு: குழு நொடித்துப்போனால், மற்ற குழுக்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுதாகத் தீர்த்தால்தான் லீகில் தொடர்ந்து ஆடலாம். மற்றவர்கள் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போர்ட்ஸ்மவுத்தில் அந்த மற்றவர்களுக்குப் பேசப்பட்டது ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் ஆண்டுக்கணக்கில். அந்த வரிசையில் வரித்துறை இருந்தது, உள்ளூர் வியாபாரிகள் இருந்தார்கள், ஆட்ட நாட்களில் முதலுதவிக்கு நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இருந்தது. அதற்கு வர வேண்டியிருந்தது சுமார் 2,700 பவுண்டு. மயங்கி விழுந்த ரசிகரைத் தூக்கியவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். கோடிகளில் சம்பளம் பேசிய ஆட்டக்காரர்கள் முன்னால் நின்றார்கள். வரித்துறை இந்த விதியை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனது. 2012 மே மாதம் தோற்றது. விதி சட்டத்துக்கு முரணில்லை என்ற நீதிபதி, இந்தத் தீர்ப்பைத் தன் அங்கீகாரமாக லீக் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். சட்டமும் நியாயமும் ஒன்றல்ல என்று ஒரு நீதிமன்றமே ஒப்புக்கொள்ளும் தருணங்கள் அதிகம் கிடைப்பதில்லை.

நம் ஊரில் அந்த விதி எழுதப்படவில்லை. நடைமுறையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டாமல் களம் இறங்க முடியாது. அது உடனே கட்டப்படும். வெளியூரிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரர் கையில் பணம் வராமல் பூட்ஸ் கயிறு கட்டமாட்டார், அவருக்கும் உடனே. காத்திருப்பவர்கள் யாரென்று பார்த்தால், கேட்கத் தயங்குபவர்கள்: தெரிந்த வேன்காரர், டீக்கடைக்காரர், சாமியானா போட்டவர், பக்கத்து ஊர் நடுவர். குழுவின் மேல் பிரியம் உள்ளவர்கள்தான் அதன் வங்கியாகிறார்கள். பிரியம் இல்லாதவருக்கு ரொக்கம்.

இதை வைத்து நிர்வாகிகளை ஏமாற்றுக்காரர்கள் என்றால் அது அநியாயம். பெரும்பாலும் தங்கள் சொந்தப் பணத்தையும் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்து வாதத்தில் எடை உண்டு. ஒரு சிற்றூரில் கால்பந்துக் குழு என்பது பள்ளியை விட்ட பையனுக்கு மாலையில் போக ஓர் இடம். வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே நிற ஜெர்சி போட்டுக்கொள்ளும் அரிதான இடமும்கூட. தெரு எதைக் குறிக்கிறது என்பது தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அணிகள் கால்பந்து ஆடத் தெரிந்தவனுக்கு வேலையே கொடுத்தன. அந்தக் கதவு ஒடுங்கிவிட்டது, ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ காவல்துறை வேலையோ கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. குழு கலைந்தால் இந்தப் பையன்கள் இழப்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏற்ற முடியாது. வேன்காரருக்கும் பணம் வரப்போவதில்லை, குழுவும் போய்விடும். எல்லோருக்கும் நட்டமான அந்த முடிவைவிட, அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது மேலில்லையா?

இந்த வாதம் ஒரு விஷயத்தை மறைக்கிறது. பொறுத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்பவர் பொறுத்துக்கொள்ளப் போகிறவராக இருக்க வேண்டும். விடியற்காலையில் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்க வரும் முன்னாள் ஆட்டக்காரர் தன் நேரத்தைத் தருகிறார். தருவது என்று முன்பே தீர்மானித்துத் தருகிறார். இங்கிலாந்தின் பரி குழுவுக்கு 2019 ஆகஸ்ட் 27 அன்று நடந்ததைச் சொல்லலாம். 1885-இல் தொடங்கிய குழு, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்றது. அதை வாங்க ஒருவர் வருகிறார் என்ற நம்பிக்கையில் அன்று நூற்றுக்கணக்கானோர் துடைப்பத்தோடும் வாளியோடும் வந்து கிக் லேன் மைதானத்தைக் கழுவினார்கள். பேச்சுவார்த்தை முறிந்தது, அன்று இரவே பரி, லீகிலிருந்து நீக்கப்பட்டது. அவர்கள் உழைப்பு வீண்தான். ஆனால் அவர்களுக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. கொடுக்க வந்தார்கள், கொடுத்தார்கள். அதே பரியில் அதே ஆண்டு ஏப்ரலில், சம்பளம் கைக்கு வராத நிலையிலேயே ஆட்டக்காரர்கள் விளையாடி அணியை மேல் பிரிவுக்கு உயர்த்தினார்கள். அது கொடை அல்ல. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் காலம் கடத்தி, பெற வேண்டியவரைக் கொடையாளி ஆக்கிவிடுவதுதான் இந்த விவகாரத்தின் உண்மையான குற்றம். பணத்தோடு அவருடைய தாராளமும் அவரைக் கேட்காமல் செலவழிக்கப்படுகிறது.

பிறகு ஒருநாள் கேட்கவும் செய்கிறார்கள். பரிசளிப்பு மேடையில், மைக்கில். "அண்ணன் நமக்காக வேன் வாடகையை விட்டுக்கொடுத்துட்டாங்க, பொன்னாடை போர்த்துறோம்." அந்த அண்ணன் அப்போதுதான் செய்தியைக் கேள்விப்பட்டிருக்கலாம். பத்துப் பேர் முன்னால், தினமும் முகம் பார்க்க வேண்டிய ஊரில், இல்லை என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? மேடையில் வாங்கிய சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது. துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுக் கடனை அடைத்ததாக எண்ணிக்கொள்வது அரசியல்வாதிகளிடம் கற்ற பழக்கமாக இருக்கலாம்.

ஜெயித்துக் கொடுத்துவிடலாம் என்பது இன்னொரு சமாதானம். பரிசுத் தொகை வந்ததும் முதல் வேலையாக அடைத்துவிடுவோம். ஜெயிப்பதற்காக மறுபடி வேன் வேண்டும், மறுபடி வெளியூர் ஆட்டக்காரர் வேண்டும். பழைய பாக்கிக்காகப் புதுப் பாக்கி. இது சூதாட்டம், வைக்கப்பட்டிருப்பது அடுத்தவர் பணம். வெற்றி குழுக்களைக் காப்பாற்றும் என்பதற்கு இந்தியக் கால்பந்தில் சான்று தேடினால் எதிர்ச்சான்றுகளே கிடைக்கின்றன. தேசிய லீகின் முதல் வெற்றியாளரான பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-இல் மூடப்பட்டது. அதே லீகை வென்ற மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி 2019 மார்ச்சில் ஐ-லீக் சாம்பியன். 2021-22 ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை. வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் 2025-இல் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது, இருமுறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. கூட அணியின் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. பெரும் பணக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால் சங்கரன்கோவில் பையன் பரிசுத் தொகையை நம்பி வேன்காரருக்கு நாள் குறிப்பது நேர்மையாகாது. அவன் மனதார நம்பினாலும் ஆகாது.

சரி, யார் கொடுப்பது? குழு என்பதற்குச் சட்டைப் பை கிடையாது. 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்திருந்தால் ஆண்டுக்கொரு பொதுக்குழு, தாக்கல் செய்யும் கணக்கு என்று ஏதோ ஒரு பிடி இருக்கும். பதிவு செய்யாத குழுவில் போனில் வேன் பேசியவர் தலையில்தான் எல்லாம் விடியும், பெரும்பாலும் அது இருபது வயதுப் பையனாக இருக்கும். ஆகவே குழுவுக்கு உள்ளே இருப்பவர்களிலும் இரண்டு வகை உண்டு: செலவைத் தீர்மானித்தவர்கள், தீர்மானிக்கப்பட்ட செலவில் ஆடியவர்கள். போர்ட்ஸ்மவுத் விதி இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. பரியில் முதலில் அடிபட்டவர்களும் இரண்டாம் வகைதான். நியாயமான வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. குழுவோடு உறவே இல்லாமல் வேலை செய்துகொடுத்தவருக்கு முதலில். பிறகு ஆடியவர்களுக்கும் பயிற்சியாளருக்கும், ஏதாவது பேசியிருந்தால். தீர்மானித்தவர்கள் கடைசியில், மிச்சமிருந்தால். புகழ்ந்து பேசும்போது அவர்கள்தானே மேடையில் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

இப்படி வைத்தால் சில குழுக்கள் நின்றுபோகும். இதை மழுப்பக் கூடாது. ஆனால் நின்றுபோவதற்கும் அழிவதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. வேன் பிடிக்காமல் அரசுப் பேருந்து போகும் தூரத்தில், ராஜபாளையம், கோவில்பட்டி, தென்காசி என்று மட்டும் ஆடலாம். ஒரு வருடம் டோர்னமென்ட் நடத்தாமல் இருக்கலாம். பழைய ஜெர்சியோடு இருக்கலாம். கௌரவக் குறைச்சல்தான். அடுத்தவர் பணத்தில் நிற்கும் கௌரவம் அதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. பரியின் ரசிகர்கள் நீக்கத்துக்குப் பிறகு புதிதாகக் குழு ஒன்றைத் தொடங்கி, 2020-இல் பத்தாம் தட்டுப் போட்டியில் போய்ச் சேர்ந்தார்கள். மைதானம் 2022-இல் ரசிகர் சங்கத்தின் கைக்கு வந்தது, அடுத்த ஆண்டு பழைய பெயரும் திரும்பியது.

பெயர் திரும்பும்போது கடனும் திரும்ப வேண்டுமா என்பது இதில் கடினமான பகுதி. பாக்கி அதிகமானதும் குழுவைக் கலைத்துவிட்டு அதே பையன்கள், அதே மைதானத்தில் வேறு பெயர் வைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் நடக்காத காரியமில்லை. சட்டத்தில் அது புதுக்குழு. ஆனால் பழைய கோப்பைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு, ஃபிளெக்ஸில் பழைய வருடத்தை அச்சடித்துக்கொண்டு, பழைய வாடகையை மட்டும் யாரோ வாங்கியது என்று சொல்வதற்கு நாக்கு கூச வேண்டும். போர்ட்ஸ்மவுத் 2012-இல் மறுபடி நொடித்து, 2013 ஏப்ரலில் ரசிகர் அறக்கட்டளையின் கைக்கு வந்தபோது முந்தைய உரிமையாளர்கள் விட்டுப்போன பாக்கிகளும் அதன் தோளில் ஏறின. அந்தக் கடனை ரசிகர்கள் உண்டாக்கவில்லை. 2014 செப்டம்பரில், எல்லாம் தீர்ந்தது என்று அவர்கள் அறிவித்தார்கள். மூன்றாம் தட்டுக்கும் கீழே, நான்காம் தட்டில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது.

கடைசியாக, பணத்தை வாங்க மறுக்கும் வேன்காரர். இப்படியும் இருப்பார்கள், மகன் அதே அணியில் இடது பக்கம் ஆடுகிறவனாக இருப்பான். "போங்கடே, வச்சுக்கோங்க" என்பார். அங்கே நிர்வாகி செய்ய வேண்டியது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். வாடகையை எண்ணி அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அவர் அதையே திருப்பிக் கொடுத்தால் நன்கொடை ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும். நோட்டில் இரண்டு வரிகள்: இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் வரவு, ஒரே தொகை, ஒரே தேதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது அந்தப் பணம் அவர் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும்.