சீழ்க்கையும் சீலமும்

விளக்குகள் அணைகின்றன, வெண்திரை ஒளிர்கிறது, முன்வரிசையிலிருந்து சீழ்க்கை கிளம்புகிறது. பின்வரிசையில் சாய்ந்திருக்கும் கனவான் முகம் சுளிக்கிறார். "காட்டுமிராண்டிகள்!" என்கிறார். சிறிது நேரத்தில் அவர் கைப்பேசி ஒலிக்கிறது. எடுக்கிறார், மனை விலை பற்றி உரத்த குரலில் உரையாடுகிறார், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தினாரில்லை. இவ்விருவரில் நாகரிகம் தவறியவர் யார்?

சிறிய கேள்விதான். ஆனால் சிறிய கேள்விகளுக்குள்ளேதான் பெரிய பழக்கங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பழக்கத்தையும் "யாருக்காக? எதற்காக?" என்று கேட்கப் பயின்ற நாம், திரையரங்கின் வாயிலில் மட்டும் அக்கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டா உள்ளே செல்வது?

"அரங்கில் அமைதி காப்பதே உயர்ந்தோர் இயல்பு" என்கின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1599-இல் இலண்டனில் எழுந்த குளோப் அரங்கில், ஒரு பென்னி கொடுத்த எளியோர் முற்றத்தில் நின்றபடி, கொட்டை கொறித்தபடி, கூவியபடி ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கண்டனர். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிசின் இசைநாடக அரங்கிலோ, உயர்ந்த மாடங்களில் அமர்ந்த பிரபுக்களே அரட்டையடித்தனர். 1876-இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னர் தம் அரங்கைத் திறந்து, பார்வையாளர் பகுதியை இருளாக்கி, கவனத்தை மேடைமேல் குவித்தார். அமைதி மேலோரின் பிறவிக் குணமன்று, அவர்களும் கற்றுக்கொண்டதே!

நம் தெருக்கூத்தைப் பாருங்கள். விடிய விடிய நடக்கும், கட்டியங்காரன் கூட்டத்தைக் கேலி செய்வான், கூட்டம் அவனுக்குப் பதில் கொடுக்கும், குழந்தை அழும், கிழவர் உறங்குவார், விழிப்பார். கலை அங்கே கலைந்தா போயிற்று? ஊமைப்படக் காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். அரங்கின் ஆரவாரமும் ஆட்டத்தில் ஒரு பகுதி. 1931-இல் 'காளிதாஸ்' வந்து, திரை பேசத் தொடங்கிய பிறகே, காது கொடுத்துக் கேட்கவேண்டிய தேவை பிறந்தது. தேவை பிறந்ததால் விதி பிறந்தது. ஆகவே விதியைத் தேவையால் அளக்கவேண்டுமேயன்றி, சட்டையின் வெளுப்பால் அளக்கலாகாது.

இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுத்த காசு. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேறுபாடு இருந்தது, உண்மை. ஆனால் தரையில் இருந்தவனுக்கும் அதே திரை, அதே வசனம்! அது பொறுக்காத மனம் என்ன செய்தது? 'தரை டிக்கெட்' என்பதையே வசைச்சொல் ஆக்கிற்று. 2023 மார்ச்சு மாதம் சென்னையில், கையில் நுழைவுச்சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை ஒரு திரையரங்கின் வாயிலில் தடுத்தனர். எதிர்ப்பு எழுந்தது, அவர்கள் படம் பார்த்தனர். அவர்கள் சீழ்க்கை அடிக்கவில்லை, கூச்சலிடவில்லை. வாயிலில் வந்து நின்றனர், அவ்வளவே! நாகரிகம் என்ற பெயரால் நடப்பவை எல்லாம் நாகரிகம் அல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

"அப்படியானால் எவரும் எப்படியும் கத்தலாம், அதுவே விடுதலை" என்று துள்ளும் தோழர்களே, பொறுங்கள்! ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் ஓர் எல்லைக்கோடு வரைந்தார்: பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில்தான் ஒருவரைத் தடுக்கச் சமுதாயத்துக்கு உரிமை பிறக்கிறது. அந்தக் கோடு அரங்கிலும் உண்டு. மாதம் முழுதும் உழைத்து, மிச்சம் பிடித்த காசில் மனைவி மக்களோடு வந்திருக்கும் தொழிலாளியின் காதிலிருந்து ஒரு வசனத்தைப் பறிப்பவன், அவர் பையிலிருந்து ஒரு நாணயத்தைப் பறிப்பவனே. பறித்தவன் பால்கனியில் இருந்தால் என்ன, தரையில் இருந்தால் என்ன?

ஒலியில் இரு வகை உண்டு. நாயகன் தோன்றும்போது அரங்கமே எழுப்பும் ஆரவாரம், சேர்ந்து நுகரும் ஒலி. அமைதியான காட்சியில் ஒருவர் மட்டும் நடத்தும் உரையாடல், பிறர் பங்கைத் தின்னும் ஒலி. முன்னது விழா; பின்னது களவு. விழாவும்கூட அளவு மீறி, அழுகைக் காட்சியில் பெண்ணொருத்தியைக் கேலி செய்யும் கூச்சலாக மாறுமானால், அதுவும் களவே. அழும் குழந்தையோ இரண்டிலும் சேராது. அதை விட்டுவர வீட்டில் ஆளில்லாத தாய்க்கும் கலை வேண்டும். அங்கே நாம் காட்டவேண்டியது பொறுமை.

அமைதியிலும் இரு வகை உண்டு. ஆசிரியராகிய நமக்கு இது நன்கு தெரியும். பிரம்புக்கு அஞ்சி வகுப்பு அடங்குவது ஒன்று; பக்கத்து மாணவன் பாடம் கேட்கட்டும் என்று தானே அடங்குவது மற்றொன்று. பண்ணையார்முன் கைகட்டி வாய்பொத்தி நின்ற அமைதியை நம் பாட்டன்மார் போதுமான அளவு அனுபவித்துவிட்டனர். அது இனி வேண்டாம். சமமானவன் சமமானவனுக்குத் தரும் அமைதியே நாம் வேண்டுவது.

எனவே, பக்கத்தில் பேசுபவரைக் கண்டால் வாளாவிருக்கவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். "ஐயா, வசனம் கேட்கவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று சொல்வோம். நம்மிடம் அப்படிச் சொன்னால், சொன்னவரின் உடையைப் பாராமல் நிறுத்துவோம். இருட்டில் பக்கத்து இருக்கைக்காரரின் சாதி தெரிவதில்லை, செல்வம் தெரிவதில்லை. அவரும் ஒரு மனிதர் என்பது மட்டுமே தெரிகிறது. அந்த அறிவு, விளக்கு எரிந்த பிறகும் நம்மிடம் நிலைக்கட்டும்!