பிடித்த இடம்

காப்பக மென்பொருளில் ஒரு நாயைப் பதியும்போது முதலில் பெயர் கேட்கும். மணி, கறுப்பன், ஏதோ ஒண்ணு. நாய்க்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்குக் கீழே இருக்கிற கட்டம்தான் விஷயம்: பிடித்த இடம்.

2023-ம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, அறுவைச் சிகிச்சையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு விலக்கு வைத்தது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது.

ஆக, 'சிதம்பரம் கீழவீதி' என்று அடித்தால் நாய்க்குத் தெரு. 'சிதம்பரம் ரயில் நிலையம்' என்றால் ஆயுசுக்கும் காப்பகம். ஸ்டேஷனில் பிடித்த சாதுவான நாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு நிற்கும்போது, 'ஸ்டேஷனுக்கு வெளியே' என்று போடத்தான் கை போகும். இரக்கத்தில் சொல்கிற பொய் பாவமா?

மனுநீதிச் சோழன் கதையில் பசுவே வந்து மணியை அடித்தது. அதைச் சொல்லும் பெரியபுராணம் அரங்கேறியது இதே சிதம்பரத்தில்தான். நம் நாயால் மணி அடிக்க முடியாது. அதற்காகப் பேசுவது இந்தப் பதிவு மட்டுமே.

அதில் ஒரு கட்டம் பொய்யென்று தெரிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற 'தடுப்பூசி போட்டாச்சு' என்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிள்ளைக்காரி ஒருத்தி, திரும்பி வந்த நாயைத் தெருவில் விட்டுவைப்பது அந்த ஒரு வரியை நம்பித்தான். ஒரு நாய்க்கு நாம் காட்டுகிற கருணைக்கு மற்ற நாய்கள் விலை கொடுக்கும்.

அதனால உள்ளேன்னா உள்ளேன்னுதான் போடணும். தீர்ப்பு தப்புன்னு தோணினா வாய்விட்டுச் சொல்லலாம், மனு போடலாம். பதிவேட்டில் திருத்தக் கூடாது.