ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்னப் பட்டறை. நண்பரின் பழைய ஹைபிரிட் கார் அங்கே நின்றிருந்தது. "பேட்டரி போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செலவை நினைத்து அவர் முகம் வாடிக் கிடந்தது.

இந்த ஊருக்கு ஹைபிரிட் புதிதல்ல. பக்கத்துப் பிடதியில் 2013-லேயே கேம்ரி ஹைபிரிட் தயாரிப்பு தொடங்கிவிட்டது. வண்டிகளுக்கு வயதாக ஆக, இப்படிப்பட்ட தீர்ப்புகளும் பெருகத்தான் செய்யும்.

மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரை மாட்டி எண்களைப் பார்த்தார். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு சேர்ந்தால் ஒரு மாட்யூல். இரண்டு மாட்யூல் ஒரு பிளாக். அந்த வண்டியில் 14 பிளாக்குகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் வோல்ட்டேஜையும் மெல்லிய கம்பிகள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கின்றன.

மற்ற பிளாக்குகள் 16 வோல்ட்டை ஒட்டி இருக்க, ஏழாவது மட்டும் 14.6.

"ஏழு செத்துப்போச்சுன்னுதான் தோணும். எட்டைப் பாருங்க சார்" என்றார்.

எட்டு, 17.4.

ஏழில் குறைந்த அதே 1.4 எட்டில் ஏறியிருந்தது. இரண்டையும் கூட்டினால் சரியாக 32. ஏழில் ஒரு செல் செத்திருந்தால் ஏழு மட்டும் இறங்கியிருக்கும். எட்டு ஏற வேண்டிய தேவையே இல்லை. ஏழின் முடிவையும் எட்டின் தொடக்கத்தையும் அளப்பது ஒரே கம்பி. அது பிசகினால் ஒன்றிடம் பிடுங்கியதை அடுத்ததன் கணக்கில் எழுதிவிடும்.

சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்தார். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தார். மல்டிமீட்டர் முனைகளைப் பிளாக்குகளிலேயே வைத்தார். ஏழும் 16, எட்டும் 16. இரண்டுக்கும் நடுவே, கம்பி வந்து சேரும் செப்புத் தகட்டில் நகக்கண் அளவு பச்சைக் களிம்பு.

செம்பும் களிம்பும் நமக்குப் பழைய உவமை. உயிரை ஆணவ மலம் பற்றியிருப்பதைச் சைவ சித்தாந்தம் அப்படித்தான் விளக்கும். களிம்பு ஏறினாலும் செம்பு செம்புதான் என்பதை, புளி போட்டுக் குடம் தேய்த்த வீட்டுக்காரர்கள் அறிவார்கள்.

நம் வீடுகளிலும் ஏழும் எட்டும் உண்டு. ஒரு பிள்ளை மந்தம், அடுத்தது கெட்டிக்காரன் என்கிறோம். ஒரு மருமகள் சரியில்லை, இன்னொருத்தி தங்கம் என்கிறோம். அவர்களை அளக்கும் நம் கண் ஒன்றுதான் என்பதை மறந்துவிடுகிறோம். ஒருவரைத் தாழ்த்திய அதே பிசகுதான் பக்கத்தவரை உயர்த்தியும் காட்டுகிறது. பாதிக்கப்பட்டவர் இருவரும்தான்: தாழ்ந்தவருக்கு வீண்பழி, உயர்ந்தவருக்குச் சுமக்க முடியாத பெயர்.

அளவெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. உண்மையிலேயே தளர்ந்த பிளாக், வண்டி மேடேறும்போது மற்றவற்றைவிட வேகமாகச் சரியும். அதை மாற்றத்தான் வேண்டும். எது தளர்ச்சி, எது களிம்பு என்று பிரித்தறிவதே ஞானம்.

தகட்டைத் துடைத்து, கம்பியின் முனையைப் புதிதாக்கியதும் வண்டி கிளம்பியது. பேட்டரி அதேதான்.

யாரையும் கழற்றி எறிவதற்கு முன், ஒருமுறை நேரில் போய் அளந்து பாருங்கள்.