காகிதப் பூவும் கையாலைச் சண்டையும்



ஆகமன காலம் பிறந்துவிட்டது. வீடுதோறும் பாலன் குடிலுக்கு ஆயத்தம் நடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கத்தரிக்கோலும் வர்ணக் காகிதமுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "தோவாளையிலே பிச்சியும் மல்லிகையும் குவிகிற நாட்டில் இருந்துகொண்டு, உயிரில்லாத காகிதப் பூவையா சர்வேசுரனுக்கு வைப்பது?" என்று சிலர் கேட்கலாம்.

அந்தச் சந்தேகம் வேண்டாம். 8-ம் கிளமெண்ட் பாப்பானவர் 1600-ம் ஆண்டில் வெளியிட்ட மேற்றிராணிமார் சடங்கு நூல், பீடத்தை அலங்கரிக்க வாசனைப் பூக்களோடு பட்டினால் செய்த பூக்களுக்கும் இடங்கொடுத்திருக்கிறது. பக்தியோடு செய்த கைவேலையைத் திருச்சபை தள்ளுவதில்லை. ஆனால் ஆகமன காலத்தில் பீடத்து அலங்காரம் மிதமாயிருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆகையால் இப்போது செய்கிற பூவை ஈரம் படாத பெட்டியில் பத்திரப்படுத்தி, பாலன் பிறக்கும் இரவிலே குடிலில் வையுங்கள். மெழுகுதிரிக்குச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

பூச் செய்கிற வேலையே ஒரு ஞானப்பாடம். கிரேப் காகிதத்தை இதழாக வெட்டி, நடுவில் இரண்டு பெருவிரலாலும் மெல்ல இழுத்தால், குழிந்து ரோஜா இதழாகிறது. கோபத்தோடு இழுத்தால் கிழிந்துபோகிறது. இதழ்களைக் கம்பியைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூலால் கட்டி, பச்சைக் காகிதம் சுற்றினால் காம்பாயிற்று. ஒரு பூவுக்கு இத்தனை பொறுமை! தக்கலைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் பூவைக் காசு கொடுத்து வாங்கலாம். இந்தப் பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது?

போர்த்துக்கல் தேசத்தில் காம்போ மயோர் என்று ஓர் ஊர் உண்டு. அர்ச். ஸ்நாபக அருளப்பருக்குத் தோத்திரமாகத் தொடங்கிய திருவிழாவில், தெருக்களையே காகிதப் பூக்களால் பந்தலிட்டு மூடுகிறார்கள். அயல்வீட்டார் ஒன்றுகூடி மாதக்கணக்காய் உழைக்கிறார்கள். இது வருஷந்தோறும் வருகிற விழா அல்ல. ஜனங்கள் மனம் ஒத்தால்தான் நடக்கும். 2021-ல் யுனெஸ்கோ இதை மனுக்குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் தெருவிலோ? அரை சென்ட் நிலத்துக்காகவும், ஒரு கையாலைக்காகவும் அண்ணனும் தம்பியும் முகம் பாராத வீடுகள் உண்டு. இரண்டு திண்ணையிலும் ஒரே பாலனுக்குத்தான் பூச் செய்கிறார்கள். ஒரு வீட்டில் பசை தீர்ந்தால் மறு வீட்டில் கேட்க வாய் வராது. பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். காணிக்கையோடு வருகிறவன் முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்பது நமதாண்டவர் கட்டளையல்லவா? அவன் வரட்டும் என்று காத்திருக்க அவர் சொல்லவில்லையே!

எல்லைக் கணக்கை நியாயமான வழியில் தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நாளாகலாம். பேச்சைத் தொடங்க நாளாக வேண்டியதில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டில் செய்த பூவில் ஒரு கொத்தை எடுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய், "உங்கள் குடிலுக்கு" என்று அந்த வீட்டில் கொடுங்கள். காகிதப் பூவுக்கு இல்லாத மணம் அப்போது உண்டாகும்.

பாலசேசு இரண்டு வீட்டையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.