இளவேனிற் காட்சியும் உயிரிரக்கமும்

பருவம் ஆறனுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலென வகுத்தனர் நம் முன்னோர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே இப்பருவத்தின் வரவை அறிதற்குப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. மாரியில் நீர்தேங்கி நின்ற தரவைகள் வற்றிப் புல் வெளிறும். வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிரும். மாமரம் காய்த்துக் கிளை தாழும். பனை நுங்கு தாங்கும். புரட்டாதி ஐப்பசியளவில் இந்தியாவினின்றும் வந்து, காலையும் மாலையும் வேலியோரத்தில் நின்று கூவிய ஆறுமணிக்குருவி சொல்லாமலே விடைபெற்றுப் போய்விடும். அதன் குரல் ஓய்ந்த வைகறைகளிலே குயிலின் குரல் எழும்.

யான் குடியிருக்கும் வளவு பெரியதன்று. நாற்புறமும் கதியால் வேலி. அதிலே கிளுவையும் பூவரசும் தழைத்து நிற்கும். கிணற்றடியிற் சில வாழைகள். நடுவே ஒரு முதிய மாமரம். மேற்கு வேலிக்கு அப்பால் தரவை. தரவையின் எல்லையிலே பனங்கூடல். மாடுகள் மேய்வதும் மாணாக்கர் விளையாடுவதும் அத்தரவையிலேதான். பாடசாலைக்குப் புறப்படுமுன் சிறிதுநேரம் திண்ணையிலிருந்து இவற்றை நோக்குவது பல ஆண்டுகளாக என் வழக்கம்.

இளவேனிலில் அச்சிறுபொழுதினுள்ளே காணப்படுவன பல. புலுனிகள் ஏழெட்டு ஒரு கூட்டமாய் நிலத்திலே தத்தித் திரியும். ஒன்று மட்டும் உயரத்தில் அமர்ந்து காவல் செய்யும். அவற்றின் கூட்டிலே குஞ்சு பொரித்தால், தாயும் தந்தையும் மாத்திரமன்றிக் கூட்டத்தின் ஏனைய புலுனிகளும் இரை கொணர்ந்து ஊட்டும். ஆணோணான் தலையும் கழுத்தும் சிவந்து கதியாலின் மேலிருந்து தலையசைக்கும். பெண்ணோணான் நிலத்தைக் கிளறி முட்டையிட்டு, மண்ணால் மூடித் தடந்தெரியாமல் அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராது செல்லும். கொண்டைக்குருவி கிளுவையிற் கட்டிய கூட்டினைச் செண்பகம் தேடிக் கண்டு, இறகு முளையாத குஞ்சுகளைத் தின்றுவிடும். பெற்றவை இரண்டும் கதறிச் சுற்றிப் பறக்கும். மாமரத்திலே காகம் சுள்ளி அடுக்கி முட்டையிட்டிருக்க, கரிய ஆண்குயில் அண்மையில் வந்து கூவிக் காகத்தைச் சினமூட்டும்; காகம் அதனைத் துரத்திச் செல்லும் வேளையில், புள்ளிகளையுடைய பெண்குயில் ஓசையின்றிக் கூட்டிற் புகுந்து தன் முட்டையை இட்டுச் செல்லும். நெஞ்சு குளிரக் காண்பதும் நெஞ்சு நோவக் காண்பதும் ஒரே வளவில் அருகருகே நிகழ்கின்றன.

இவற்றைக் காண்போர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. புலுனி நல்லது, செண்பகம் கொடியது, குயில் கள்ளமுடையது என்று நாம் சொல்லுதல் பொருந்துமா? பொருந்துமாயின், நல்லதற்குத் துணைநின்று கொடியதை ஒறுத்தல் இரக்கமுள்ள மனிதனுடைய கடனாகுமா? பொருந்தாதாயின், நன்மை தீமை என்பன வெறுஞ் சொற்கள்தாமோ? இவ்வினாவின் விடையிற் பிழைத்தவன் செயலிலும் பிழைப்பான் என்பதை யான் பட்டறிந்தேன். அதனைப் பின்னே கூறுவேன்.

இவ்வினா நம் நாட்டார்க்கு மாத்திரம் உரியதன்று. இளமையில் யான் கற்ற பாடசாலை கிறித்தவ சபையாருடையது. அங்கே ஆங்கிலப் பாடத்தின் வாயிலாகக் கில்பேட் வைற் என்னும் குருவானவரை அறிந்தேன். இங்கிலாந்திலே செல்போண் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, தம் தோட்டத்தையும் அயலிலுள்ள புற்றரைகளையும் ஆண்டாண்டாக நோக்கி, எந்தப் பறவை எந்நாளில் வந்தது, எந்தப் பூ எந்நாளில் மலர்ந்தது எனக் குறித்து வைத்தவர் அவர். அவருடைய நூல் 1789-ல் வெளிவந்தது. அத்துணைப் பொறுமையோடு பார்த்தவரும், பிறபறவையின் கூட்டில் முட்டையிடும் அந்நாட்டுக் குயிலைப்பற்றி எழுதும்போது, தாயன்பு என்னும் இயற்கை நெறிக்கே அஃது இழுக்கென்று வெகுண்டார். பிற்காலத்தில் அம்மைக்குப் பாற்குத்தும் முறையினாற் புகழ்பெற்ற எட்வேட் யென்னர் என்னும் வைத்தியர், அக்குயிலின் கண்திறவாத குஞ்சு உடனிருக்கும் குஞ்சுகளை முதுகிலேற்றி வெளியே தள்ளுவதைக் கண்டு 1788-ல் எழுதினார். அதனைப் பலர் நம்ப மறுத்தனர்.

நம் நாட்டுக் குயிற்குஞ்சு அவ்வாறு தள்ளுவது வழக்கமன்று. குயின்முட்டை காக்கைமுட்டையினும் குறைந்த நாளிற் பொரிப்பதால், அதன் குஞ்சு பெரும்பாலும் முந்தி வளர்ந்து இரையிற் பெரும்பங்கைக் கொள்ளும். காக்கைக் குஞ்சுகள் மெலிந்து சில இறக்கும். ஆயினும், பெண்குயில் தன் குஞ்சுக்குத் தானே இரையூட்டியதைக் கண்டவர்களும் உளர். ஆகவே குயிலுக்குத் தாயன்பே இல்லை என்பதும் முழுவுண்மையாகாது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு நம் வீட்டுச் சுவரிலேயே உண்டு. குளவி மண்ணாற் கூடு கட்டிப் புழுவைக் கொண்டுவந்து உள்ளே வைத்து அடைப்பதும், சிலநாளின் பின் அக்கூட்டினின்றும் குளவியே வெளிப்படுவதும் யாவரும் கண்டன. வேட்டுவன் கொட்டக் கொட்டப் புழுவும் வேட்டுவனாயிற்று என்று கொண்டு, குருவருளால் மாணாக்கன் உயர்நிலை அடைதற்கு அதனை உவமை கூறுவது நம்மவர் மரபு. உண்மையில் தாய்க்குளவி புழுவைக் கொட்டி அசைவறச் செய்து, முட்டையும் இட்டு அடைக்கின்றது. முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து குளவியாகின்றது. சாள்ஸ் டார்வினோ, உயிருள்ள புழுவின் உடலகத்தே இருந்து தின்னும் வேறொருவகைக் குளவியையும், எலியை வைத்து விளையாடும் பூனையையும் சுட்டி, அருளும் வல்லமையுமுடைய கடவுள் இவற்றை வேண்டுமென்றே ஆக்கினாரெனத் தம்மால் நம்ப இயலவில்லையென்று 1860-ல் தம் நண்பர் ஆசா கிறே என்பவர்க்கு எழுதினார். நம்மவர் குளவியிற் குருவைக் கண்டனர். டார்வின் அதிற் கொடுமையைக் கண்டார். குளவி இவ்விரண்டையும் அறியாது. உவமை தன் பொருளை விளக்க வந்ததாதலின் அதற்கு யாதும் இழுக்கில்லை. அவ்வுவமையைக் கொண்டு குளவியை அறிந்துவிட்டோமென்று எண்ணுதலே பிழை.

இனி, யான் செய்த பிழையைக் கூறுகின்றேன். ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஒரு வைகாசியில், எங்கள் மாமரத்துக் காக்கைக் கூட்டினுள்ளே பெண்குயில் புகுந்து மீண்டதைக் கண்ணாரக் கண்டேன். சில கிழமை சென்றபின் அண்ணாந்து நோக்கியபோது கூட்டின் விளிம்பிலே இரண்டு அலகுகள் தெரிந்தன. ஒன்று பெரியது, எப்போதும் முன்னே நீண்டு இரையை வாங்கியது. மற்றது சிறியது, பெரும்பாலும் வெறும்வாயோடு பின்வாங்கியது. பெரியதே குயிற்குஞ்சென்றும், சிறியது காகத்தின் சொந்தப் பிள்ளையென்றும் துணிந்தேன். என் நெஞ்சிலே இரக்கமும் சினமும் ஒருங்கே எழுந்தன. அவற்றுள் எது பெரிதென்று அப்போது ஆராய்ந்தேனில்லை. மரமேறவல்ல மாணாக்கன் ஒருவனை அழைத்து, பெரிய குஞ்சை எடுத்து வீசிவிடும்படி ஏவினேன். அவன் பாதிமரத்தில் நின்று, “ஐயா, இரண்டும் கறுப்பாகவே இருக்கின்றன, எது குயிலென்று எப்படி அறிவது?” என்று கேட்டான். “பெரியதென்று சொன்னேனல்லவா?” என்று அதட்டினேன். அவன் அவ்வாறே செய்தான். காகங்கள் அவன் தலையிற் கொத்தின. குஞ்சு கிணற்றடியில் விழுந்து சற்றுநேரம் துடித்து இறந்தது.

எஞ்சிய குஞ்சு வளர்ந்து சில நாளிற் கிளைக்கு வந்தது. அதன் வால் நீண்டது. சிறகிலே வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. காகம் அதற்குத் தன் வாயால் இரையூட்டியது. அது குயில். அவ்வாண்டு அக்குயின்முட்டை காலந்தாழ்த்து இடப்பட்டுக் காக்கைமுட்டைக்குப் பின்னரே பொரித்தது போலும். எந்தத் தாய்க்கு நீதி வழங்கப் புகுந்தேனோ, அந்தத் தாயின் மகவையே கொல்வித்தேன். அம்மாணாக்கனும் வேலிக்கு வெளியே நின்று அதனைக் கண்டான். ஒன்றும் பேசாது போனான். அவன் கையைக்கொண்டு அதனைச் செய்வித்ததும், அவன் கேட்ட வினாவை அதட்டி அடக்கியதும் இன்றும் என்னை உறுத்துகின்றன.

“குஞ்சைச் சரியாக இனங்கண்டிருந்தாற் குற்றமில்லையே” எனச் சிலர் கூறலாம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணி ஆறுதலடைந்தேன். ஆராயுமிடத்து அவ்வாறுதல் நில்லாது. அக்குயிற்குஞ்சு அக்கூட்டைத் தெரிந்து வந்ததன்று. அதன் தாய் கூடுகட்டும் வகை அறியாதது. அதற்கு வேறு வழி இல்லை. காகமோ பிறபறவைகளின் முட்டையையும் குஞ்சையும் நாள்தோறும் கவர்வது. காகத்துக்காக வழக்காடப் புகின், அக்காகம் கொத்திச் சென்ற அணிற்குட்டிக்காக வழக்காடுவார் யார்? ஒரு வழக்கைத் தீர்த்தால் ஓராயிரம் வழக்குகள் வாயிலில் வந்து நிற்கும்.

தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்து, ஆறாவதாக மனத்தை வைத்தார். நன்றும் தீதும் ஆராய்ந்து ஒன்றைக் கொள்ளவும் ஒன்றை விடவும் வல்ல உயிர்க்கே அறமும் மறமும் உரியன. ஆகவே கள்வன் என்னும் பெயர் குயிலுக்குப் பொருந்தாது. அறவோன் என்னும் பெயர் புலுனிக்கும் பொருந்தாது. இதனைக்கொண்டு அறமென்பதே பொய்யெனச் சாதிப்பவர் வழிதவறுகின்றனர். என் வளவிலுள்ள எல்லா உயிர்களையும் அவ்வறத்தினின்றும் விலக்கியபின், அதனால் கட்டுண்டவனாக எஞ்சி நிற்பவன் யான் என்பதே இதனாற் பெறப்படுவது. அன்று அம்மரத்தடியிலே குற்றஞ்செய்ய வல்லோர் நாங்கள் இருவரே இருந்தோம். அவ்விருவருள்ளும் ஆராய்ந்து கேட்டவன் அச்சிறுவன்.

அங்ஙனமாயின், துன்பங்கண்டும் வாளாவிருத்தல்தான் அறமோ என்று கேட்கலாம். அன்று. மூன்றினை வேறுபிரித்தறிதல் வேண்டும். முதலாவது, நம் கையாலும் நம்முடையவற்றாலும் வருந் துன்பம். ஆட்டுக்குக் குழை வெட்டுமுன் வேலியிற் கூடு உண்டோவென்று பார்த்தல், சிறுவர் ஓணானுக்குக் கல்லெறிவதைத் தடுத்தல், காய்ந்த தரவைப் புல்லுக்குத் தீ வையாதிருத்தல், குஞ்சுகள் பறக்கப் பழகும் நாளிற் பூனையை வீட்டினுள் அடைத்தல் ஆகியவை நம் கடன். இரண்டாவது, எவ்வுயிரினிடத்தும் ஒன்றைப் பறியாமற் செய்யத்தக்க உதவி. சித்திரை வெயிலிலே ஒரு சட்டியில் நீர் வைத்தலும், கிணற்றடித் தொட்டியில் விழுந்த அணிற்குட்டி ஏறிவரும்படி ஒரு பனைமட்டையைச் சாய்த்து வைத்தலும் இவ்வகையின. மூன்றாவது, காட்டுயிர் இரண்டினிடையே நடுவனாய் அமர்ந்து தீர்ப்புக் கூறுதல். இதனை ஒழித்தல் வேண்டும். கோழிக்குஞ்சைப் பிடிக்கக் கீரி வந்தால் அதனைத் துரத்தலாமோவெனின், துரத்தலாம். கோழியை நாம் கொண்டுவந்து நம் காவலில் வைத்தோமாதலின், அதனைக் காத்தல் நம்மேலது. கீரி தீயதாகையாற் செய்வதன்றாதலின், துரத்துவதோடு நிற்றல் வேண்டும்.

இவ்வாண்டு சித்திரையிலே தரவையில் ஆட்காட்டி முட்டையிட்டது. கூடென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. நிலத்தில் ஒரு சிறு குழி. சுற்றிச் சில கற்கள். நடுவிலே கல்லோடு கல்லாய் 4 முட்டைகள். வெயில் ஏறிய வேளையிற் பறவை அயற்கேணிக்குச் சென்று வயிற்றிறகை நனைத்துவந்து, முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிரச் செய்வதைப் பலமுறை கண்டேன். அவ்விடம் மாணாக்கர் பந்தாடும் இடத்தின் நடுவாயிருந்தது. அவர்களை அழைத்துச் சென்று தூரத்தினின்று காட்டி, ஏறக்குறைய 4 கிழமைக்கு விளையாட்டை 100 யார் தள்ளி வைத்துக்கொள்ள இயலுமோவென்று கேட்டேன், ஏவவில்லை. சிலர் முணுமுணுத்தனர். ஒருவன், “ஐயா, நாங்கள் தள்ளிப்போன பின்பும் பாம்பு வந்து முட்டைகளைக் குடித்துவிட்டால் என்ன பயன்?” என்றான். நல்ல வினா. “பாம்பு குடித்தால் அது பாம்பின் செயல், நாம் மிதித்தால் அது நம் செயல். நாம் பொறுப்புச் சொல்ல வேண்டியது ஒன்றுக்குத்தான்” என்றேன். அவன் சிறிதுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு அப்பாற் சென்றான், மற்றவரும் சென்றனர்.

இடையில் ஒருநாள் முட்டை மூன்றாயிருந்தது. நான்காவதை எது கொண்டதென்று யான் தேடவில்லை. எஞ்சிய மூன்றும் வைகாசியிற் பொரித்தன. குஞ்சுகள் ஈரம் உலர்ந்த சிறிதுநேரத்திலேயே எழுந்து தாயின் பின்னே ஓடின; மாலையில் அவை புல்லுள்ளே எங்கு நின்றனவென்று கண்ணுக்குப் புலப்படவில்லை. மறுநாள் மாணாக்கர் பழைய இடத்திலேயே பந்தாடினர்.

வளவிலும் தரவையிலும் உலாவும் உயிர்களுக்குத் தீர்ப்புக் கூறும் பதவி நமக்கு அளிக்கப்பட்டிலது. நம் கையும் காலும் எங்கே படுகின்றனவென்று பார்த்து நடக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டுள்ளது. அதனைச் செவ்வனே ஆற்ற விரும்புவோர், பாதிமரத்தில் நின்று ஒருவன் கேட்கும் வினாவுக்கு முதலிற் செவிகொடுப்பாராக.