எழுதச் சொல்லும் உரிமை யாருக்கு?

வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. கடல் கடந்து ஜொகூர் வந்து கடை வைத்த நம் முன்னோரிற் பலர் பெரும் பணம் கொண்டு வந்தவர்களல்லர். பாய் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரார் வைத்த நம்பிக்கையே அவர்களுக்கு முதலாக இருந்தது. அன்று வாயாற் சொன்ன வாக்கு இன்று காகிதத்தில் ஒப்பந்தமாக நிற்கிறது. சிறியதொரு சாப்பாட்டுக் கடைக்கே வாடகை, சரக்கு, வேலையாட்கள், பாங்குக் கடன் எனப் பல ஒப்பந்தங்கள் உள்ளன. பெரிய கம்பெனிகளிலோ அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. 2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்படிக்கை கையொப்பமான பின்னர், இம்மாநிலத்தில் அவை இன்னும் பெருகவே செய்யும்.

இத்தனை தஸ்தாவேஜுகளையும் மனிதர் பார்த்து முடியாதென்று, கம்பெனிகளின் சட்டப் பகுதியினர் செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைத் துணைக்கு அழைக்கத் தொடங்கியுள்ளனர். நூறு பக்க ஒப்பந்தத்தைச் சில நிமிடங்களில் அது படிக்கிறது. தவணை முடியும் நாளை எடுத்துச் சொல்கிறது. எந்த ஷரத்து வழக்கத்துக்கு மாறானது, எது விடுபட்டுள்ளது என்று காட்டுகிறது. வேறு சொற்களில் எழுதித் தரவும் செய்கிறது. இத்தகைய யந்திரங்களை இயக்கும் பெருங் கூடங்கள் நம் கூலாய், செடெனாக் வட்டாரங்களிலேயே எழும்பி நிற்கின்றன. ஆகவே இது எங்கோ நடக்கும் சங்கதியன்று.

இதிலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. யந்திரம் படித்துவிட்டால் நாம் படித்ததாகுமா? யந்திரம் யாருடைய நன்மைக்காகப் படிக்கிறது? முதற் கேள்வியைப் பலரும் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்போர் குறைவு. நம்மைப் பொறுத்தவரை அதுவே பெரிய கேள்வி.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமாகும். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. இவற்றை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆயினும் அதிலுள்ள இன்னொரு கட்டளையைப் பலர் கவனிப்பதில்லை. வாசகத்தை எழுதச் சொல்ல வேண்டியவர் யார்? பணம் கொடுத்தவரல்லர், கடன்பட்டவரே. அவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியுடன் சொல்ல வேண்டும்.

இதன் கருத்தென்ன? எவர் தோளில் சுமை ஏறுகிறதோ அவர் வாயிலிருந்தே வாசகம் வர வேண்டும். தான் எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். இன்றைய வழக்கமோ நேர்மாறானது. பாங்கு எழுதுகிறது, கடன் வாங்குபவர் கையொப்பமிடுகிறார். கட்டடச் சொந்தக்காரர் எழுதுகிறார், வாடகைக்காரர் கையொப்பமிடுகிறார். முதலாளி எழுதுகிறார், தொழிலாளி கையொப்பமிடுகிறார். வலியவர் கையிலிருக்கும் பேனாவுக்கு இப்போது யந்திர பலமும் சேர்ந்தால் எளியவர் கதி என்னவாகும்?

ஜொகூருக்கு ஒப்பந்தக் காகிதம் புதிதன்று. தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில், 1844 முதல், ஆற்றங்கரைகளில் மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்கு ‘சூரத் சுங்கை’ என்ற ஆற்றுப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. பின்னர், உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு மலாய் மொழியிற் பெயர்க்கப்பட்டு, 1913ல் ‘மஜல்லா அஹ்காம் ஜொகூர்’ என வெளிவந்தது. விற்பனை, வாடகை முதலிய விவகாரங்களைக் கூறும் அந்நூலின் தொடக்கத்திலேயே ஓர் அடிப்படை விதி உண்டு. ஒப்பந்தத்தில் வெறும் சொல்லையும் வடிவத்தையும் பார்க்காமல், நோக்கத்தையும் பொருளையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

யந்திரம் சொல்லைப் படிக்கிறது. நோக்கமோ மனிதர் நெஞ்சில் இருப்பது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்குள்ள மின்நாணயச் சந்தை ஒன்றில், மனிதர் கை படாமல் கணினி நிரல்களே சில வியாபாரங்களை முடித்தன. விலையோ சந்தை விலையைப் போல் ஏறக்குறைய 250 மடங்கு. சந்தையை நடத்திய குவாயின் கம்பெனி அவ்வியாபாரங்களை ரத்துச் செய்தது. பி2சி2 என்ற கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2020ல் மேல் முறையீட்டு நீதிமன்றம், ரத்துச் செய்தது ஒப்பந்த மீறலே எனப் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. யந்திரத்துக்கு மனமில்லையாதலால், அந்த நிரலை எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதையே நீதிபதிகள் ஆராய்ந்தனர். எவ்வளவு புதுமை வந்தாலும் விசாரணை மனிதனிடமே வந்து நிற்கிறது.

கனடாவிலும் 2024ல் இதையொத்த விவகாரம் நடந்தது. குடும்பத்தில் ஒருவர் இறந்ததால் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடல் யந்திரம் தவறாகச் சொல்லிவிட்டது. யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற முறையில் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை; நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டு நியூயார்க்கில், யந்திரம் கற்பனையாகச் சொன்ன வழக்குகளை உண்மையென்று கோர்ட்டில் சமர்ப்பித்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யந்திரம் படிக்கலாம், பொறுப்பு கையொப்பமிட்டவருடையதே.

இதனால் யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் பயனை மறுப்பதற்கில்லை. 1962ஆம் ஆண்டு ஜொகூரும் சிங்கப்பூரும் செய்த தண்ணீர் ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆயிரம் காலன் ஆற்று நீருக்கு விலை 3 காசு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் ஷரத்து உண்டு. 1987 வந்தது; மறுபரிசீலனை நடக்காமலே சென்றது. அந்த உரிமை இன்னும் உண்டென மலேசியாவும், போய்விட்டதெனச் சிங்கப்பூரும் கூறி வருகின்றன. அரசாங்கங்களின் விவகாரத்திலேயே ஒரு தேதி இவ்வளவு பெரிதென்றால், கடை வாடகையைப் புதுப்பிக்கும் நாளை மறந்து கடையை இழக்கும் சிறு வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிது! நாளை நினைவூட்டும் யந்திரம் அவருக்கு நல்ல காரியஸ்தர். ஆனால் தேதி கடந்த பின்னும் உரிமை நிற்கிறதா என்பதை மனிதர்தாம் எதிரெதிரே அமர்ந்து பேச வேண்டியுள்ளது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். எதிர்த் தரப்பார் ஒரு தொகையைத் தவறாக எழுதிவிட்டார், அல்லது தமக்குப் பாதகமான ஷரத்தைக் கவனியாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை நம் யந்திரம் கண்டுபிடித்து நமக்கு மட்டும் சொல்கிறது. நாம் என்ன செய்வது? ‘அவரவர் நலனை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்; போட்டிக்காரனும் யந்திரம் வைத்திருக்கிறான்’ என்று சிலர் சொல்வர். வியாபாரத்தில் விழிப்பாயிருப்பது குற்றமன்று. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்ட செய்தியை நாம் அறிவோம். மக்கள் பார்க்கும்படி ஈரமான தானியத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் கண்டித்தார்கள். எழுபதாவது பக்கத்தில் சிறிய எழுத்தில் வைக்கப்படும் ஷரத்தும் அடியில் வைத்த ஈரத் தானியமேயன்றோ? அதைக் கண்டெடுத்து மேலே வைக்க யந்திரத்தைப் பயன்படுத்தினால் அது நன்மை. இன்னும் ஆழத்தில் புதைக்கப் பயன்படுத்தினால் அது பாவம்.

இந்நாட்டில் நம் தமிழ் மக்களின் தொடக்கமே படிக்காத காகிதத்தில் வைத்த கைநாட்டுடன் பிணைந்தது என்பதை நாம் மறக்கலாகாது. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வந்த ஒப்பந்தக் கூலிகள் தாம் எதற்கு ரேகை வைத்தோம் என்று அறியாமலே தோட்டங்களில் உழைத்தனர். வேலையை விட்டுப் போனால் தண்டனை. அம்முறை 1910ல் ஒழிக்கப்பட்டது. இன்று நம்மவர் பலர் முதலாளிகள். ஊரிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர் புரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தை நம் மேசை மேல்தான் கையொப்பமிடுகிறார். சம்மதம் மோசடியோ நிர்ப்பந்தமோ இல்லாமல் இருக்க வேண்டுமென 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்க வேண்டிய நமக்கு அதற்கு மேலும் கடமை உண்டு.

எனவே நம் சகோதரர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம். யந்திரம் தரும் சுருக்கத்தை மட்டும் நம்பிக் கையொப்பமிடாதீர்கள். அது சுட்டிய ஷரத்தை மூலத்தில் உங்கள் கண்ணாற் பாருங்கள். அதே யந்திரத்தைக் கொண்டு ஒப்பந்தத்தைத் தமிழிலோ தொழிலாளியின் தாய்மொழியிலோ பெயர்த்து, அம்மொழி அறிந்த நம்பிக்கையானவர் ஒருவர் சரிபார்த்தபின், கையொப்பத்துக்கு முன்னரே அவரிடம் கொடுங்கள். அவர் கேள்வி கேட்க அவகாசமும் கொடுங்கள். எதிர்த் தரப்பார் அறியாமற் செய்த பிழையை உங்கள் யந்திரம் காட்டினால் அவரிடம் சொல்லிவிடுங்கள். சங்கத்தாரும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, படித்த இளைஞர்களைக் கொண்டு எளியவர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாகாதா? சொல்ல இயலாதவருக்காகப் பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்ற அதுவும் ஒரு வழியே.

கட்டுப்படுகிறவர் அறிந்து கட்டுப்பட உதவுமானால் இந்த யந்திரத்தை வரவேற்போம். வாக்கைக் காப்பாற்றுகிறவர்களாகவும், எளியவரின் உரிமையை மறைக்காதவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.