தண்டவாளமும் தந்த சொல்லும்

பேருந்து விடுவதற்கும் டிராம் விடுவதற்கும் செலவில் வேறுபாடு உண்டு என்பதை யாவரும் அறிவர். அறத்திலும் ஒரு வேறுபாடு உண்டு என்பது நம் கருத்து. பேருந்தின் தடத்தை ஓர் ஆணைத்தாளால் மாற்றிவிடலாம். மறுநாள் காலையில் வண்டி வேறு தெருவில் போகும். தண்டவாளம் அத்தகையதன்று. சாலையைப் பிளந்து, கல் பரப்பி, இரும்பைப் பதித்து, தலைக்குமேல் மின்கம்பி கட்டி முடிக்கும்போது, "இவ்வழியே நாளையும் வருவோம்" என்று அரசு மக்களுக்கு ஒரு வாக்கைத் தந்துவிடுகிறது. அவ்வாக்கை நம்பி மக்கள் மனை வாங்குகின்றனர், கடை வைக்கின்றனர், பிள்ளைகளைத் தொலைவிலுள்ள பள்ளிகளில் சேர்க்கின்றனர். அந்தச் சொல்லைப் பின்னொரு காலத்தில் பெரியதொரு நன்மைக்காக மீறலாமா? மீறினால் யாருக்கு என்ன கடன்படுகிறோம்? இக்கட்டுரை எழுந்தது இவ்வினாக்களிலிருந்துதான்.

இவற்றை ஆராய நாம் வாழும் கொல்கத்தாவைவிடத் தக்க ஊர் இல்லை. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மேனியன் காட் வரை குதிரை இழுத்த டிராம் இங்கு ஓடியது. வருவாய் போதாமல் அவ்வாண்டிலேயே நின்றது. 1880இல் கம்பெனி ஒன்று அமைந்து மீண்டும் தொடங்கியது. 1902இல் மின்சாரம் வந்தது. 1953 சூலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்காக இந்நகரமே கொந்தளித்தது. ஒரு பைசாவுக்கா என்று இன்று வியப்போர் உளர். அது பைசாவைப் பற்றிய பூசல் மட்டுமன்று, சொல்லைப் பற்றிய பூசலும் ஆகும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே 1953இன் ஏப்ரலில், 1895 முதல் ஓடிவந்த நம் சென்னை டிராம் நின்றேபோயிற்று. தில்லியில் 1963இலும் பம்பாயில் 1964இலும் நின்றது. டிராம் என்பது பழங்கதை என்று நாடே முடிவுகட்டிய பிறகு, கொல்கத்தா மட்டும் புதுத் தண்டவாளம் போட்டது. 1985இல் மானிக்தலாவிலிருந்து உல்டாடாங்கா வரையிலும், 1986 டிசம்பர் 31 அன்று பேஹாலாவிலிருந்து ஜோகா வரையிலும் தடம் நீண்டது.

இவ்விரண்டாவது நீட்டிப்பே நம் பொருள். டைமண்ட் ஹார்பர் சாலையில் பேஹாலா, சக்கேர் பஜார், தாகூர்புகுர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்த புறநகர்கள் அவை. பேஹாலா வட்டாரம் 1984இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஜோகா அப்போது எல்லைக்கு வெளியே கிடந்தது. நகரம் தன் கையை நீட்டி, "நீங்களும் எம்மவரே" என்று அவ்வூர்களைத் தொட்டது போன்றது அந்தத் தண்டவாளம்.

அந்தக் கை இருபத்தைந்து ஆண்டுகள் நீண்டிருந்தது. அதே சாலையின் மேல் மெட்ரோ ரயில் வருவதற்காக 2010இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2011இல் ஜோகா டிராம் நின்றது. ஜோகாவிலிருந்து தாராதலா வரை ஆறரை கிலோமீட்டர் மெட்ரோ திறக்கப்பெற்ற நாள் 2022 டிசம்பர் 30. நின்றதற்கும் திறந்ததற்கும் இடையே பதினோர் ஆண்டுகள். அவற்றின் நடுவே, 2018 செப்டம்பர் 4 அன்று அச்சாலையை நகரத்தோடு இணைத்த மாஜேர்ஹாட் பாலம் இடிந்து மூவர் மாண்டனர். புதுப்பாலம் 2020 டிசம்பரில் திறக்கும்வரை, இரண்டாண்டுக்கு மேலாகப் பேஹாலா மக்கள் சுற்றிச் சுற்றியே நகருக்குள் வந்தனர். பேருந்தும் ஆட்டோவும் ஓடாமல் இல்லை. ஆயினும் தூண்களுக்கும் தகரத் தடுப்புகளுக்கும் இடையே அவை ஊர்ந்த ஊர்தலைக் கண்டவர்க்கே அதன் அருமை தெரியும்.

இனி வழக்கின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மெட்ரோ டிராமைவிட விரைவானது. மிகப் பலரைச் சுமக்கவல்லது. எல்லாருடைய இசைவையும் பெற்றபின்பே சாலையைத் தோண்டலாம் என்றால் 1986இன் டிராமும் வந்திருக்காது. அன்று அச்சாலையில் புழுதி தின்றவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. அவர்கள் பட்ட பாட்டின்மேல் ஏறித்தான் நாமும் கால் நூற்றாண்டு பயணம் செய்தோம். பழமை என்பதற்காகவே ஒன்றைக் காக்கவேண்டும் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு–மைதானம் தடம் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தபோது டிராமைப் பாடிக் கண்ணீர் உகுத்த அன்பர்களில் பலர், அதற்குமுன் பல்லாண்டுகளாக அதில் ஏறாதவர்கள். நாமும் அவ்வினத்தவரே.

ஆகவே சொல்லை மீறியதே குற்றம் என்று நாம் கூறமாட்டோம். மீறலுக்கும் ஈடுசெய்தலுக்கும் இடையே வாழ்ந்தவர்களை நாம் எவ்வாறு எண்ணினோம் என்பதே கேள்வி. பெரும்பாலோரின் பெருநலமே அறத்தின் அளவுகோல் என்று பெந்தாம் வகுத்த நெறி நம் திட்டங்களுக்கெல்லாம் சொல்லாத அடிப்படை. அந்நெறி நூற்றில் ஐம்பத்தொருவர் நலத்துக்காக நாற்பத்தொன்பதின்மரைப் பலியிட இடம் தரும் என்று காந்தியடிகள் அதனை மறுத்தார். எல்லாரின் நலமே வேண்டும் என்றார். நாம் இன்னொன்றையும் சேர்ப்போம். அந்த நாற்பத்தொன்பதின்மர் இன்று வாழ்வோராகவும், ஐம்பத்தொருவர் இனிமேல் வருவோராகவும் இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. வருங்காலத்தார்க்கு எண்ணிக்கையில் எல்லை இல்லை. அவர்களை எதிர்த்தட்டில் வைத்தால் இன்றைய மனிதன் எப்போதும் எடை குறைவாகவே தெரிவான்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் எதிரே நின்றது ஒரே ஒரு பசு. தேர்க்காலில் மாண்டது ஒரே ஒரு கன்று. மறுதட்டில் நாட்டின் எதிர்காலமாகிய இளவரசன் இருந்தான். கழுவாய் செய்தால் போதும் என்றனர் அமைச்சர். அதனால் அத்தாய்ப்பசுவின் துயர் தீருமா என்று கேட்டான் மன்னன். அவன் தந்த தீர்ப்பு நமக்கு வேண்டா. எந்தப் பொறியாளரையும் எந்தச் சக்கரத்தின் கீழும் கிடத்தச் சொல்லவில்லை. ஆனால் மன்னன் அங்கே கூட்டல் கழித்தல் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். துயருற்ற உயிரையே பார்த்துக் கேட்டான்.

நாம் கோப்புகளோடு காலம் தள்ளுபவர்கள். 'தற்காலிகம்' என்னும் சொல்லின் ஆயுளை அறிவோம். தற்காலிகமாகத் தோன்றிய பணியிடம் முப்பதாண்டு வாழ்ந்து, அதில் அமர்ந்தவர் ஓய்வுபெற்றுப் போனதையும் கண்டிருக்கிறோம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலம் இழந்தவரையும், அந்நிலத்தைச் சார்ந்து பிழைத்தவரையும் கணக்கில் கொள்கிறது. ஆனால் நிலம் எதுவும் எடுக்கப்படாமல், எதிரே தகரத் தடுப்பு எழுந்ததால் வாடிக்கையை மட்டும் இழந்தவருக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. வாடிக்கை என்பது காட்டக்கூடிய சொத்தன்று. பத்திரம் இல்லாத இழப்பு அலுவலகத்துக்கு இழப்பாகவே தெரிவதில்லை.

2008இல் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த நாம் தாகூர்புகுர் டிராம் நிறுத்தத்தருகே பூக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் வெள்ளிதோறும் மாலை வாங்குவது வழக்கம். அவர் நம்மைத் 'தாதா' என்பார். நாமும் அவரைத் 'தாதா' என்போம். நம்மூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்று ஒருமுறை சொல்லக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பவர்கள்தாம் அவருடைய வாடிக்கை. டிராம் நின்ற வாரத்தில், "இது எத்தனை நாளைக்கு, தாதா?" என்று நம்மிடம் கேட்டார். மத்திய அரசு ஊழியருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு. நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மூன்றாண்டில் முடிந்துவிடும், அதன்பின் நிலைய வாசலிலேயே கடை போடுங்கள், கூட்டம் தாங்காது" என்றோம். அவர் வேறிடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், நம் சொல்லுக்குப்பின் அதனை விட்டுவிட்டார் என்பதும் பிற்பாடே தெரிந்தது.

2016இல் ஒரு நாள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். கானிங் பக்கம் மகனிடம் போவதாகச் சொன்னார். குறைபடவில்லை. "உங்கள் மூன்றாண்டு கொஞ்சம் நீளம், தாதா" என்று மட்டும் சிரித்தபடி கூறி, மிச்சமிருந்த சாமந்தி மாலையை இலையில் சுற்றித் தந்தார்.

மெட்ரோ பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கிய 2023 சனவரியில் குடும்பத்தோடு சென்று ஏறினோம். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இல்லை என்றால் பொய். குளிர்ந்த பெட்டியில் நின்று கீழே பார்த்தபோது எது எந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை. தாகூர்புகுர் நிலையத்தில் இறங்கி, படிக்கட்டின் அடியில் பூ விற்ற ஓர் இளம்பெண்ணிடம் மாலை வாங்கினோம். அவளுக்கு அம்முதியவரைத் தெரியவில்லை. அன்று 2016இல் நாம் நீட்டிய பத்து ரூபாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.